குடியை நிறுத்துவதும் வைத்தியரின் துணையோடுதான்

நமது குடும்பங்களில் ஒருவர் அளவுக்கு மீறிக் குடிக்கிறார் என்றால் நாம் முதலில் அதை மறைக்கிறோம். பிறகு சுவாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்குகிறோம். கந்தசட்டி விரதத்தோடு ஒரே நாளில் நிறுத்தச் சொல்கிறோம். நல்ல மனத்தோடு செய்யும் இந்தக் காரியம் சில வேளைகளில் உயிரையே பறித்துவிடும் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

உடலில் நடப்பது என்ன?

மதுசாரம் மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் தணிக்க எதுவும் இல்லை. கூட்டிய வேகம் மட்டும் எஞ்சுகிறது. முதல் 24 மணித்தியாலத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை தொடங்கும். முதல் 2 நாட்களில் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத உருவங்கள் தெரியும். இதனை டெலிரியம் என்பர். சிகிச்சையின்றி விட்டால் மரணம் ஏற்படலாம். பேய் பிடித்ததென்று எண்ணி நேரத்தை வீணாக்காமல் உடனே 112 ஐ அழையுங்கள்.

காலையில் கை நடுங்கி, ஒரு மிடறு குடித்ததும் நடுக்கம் நிற்கிறதா? அப்படியானவர் வீட்டில் தானாக நிறுத்தக்கூடாது. குடிக்க விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தாமதிக்காமல் வைத்தியரிடம் சென்று, அவரது மேற்பார்வையில் நிறுத்துங்கள் என்றே சொல்கிறோம்.

எங்கே போவது?

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று ஜேர்மனியின் மத்திய சமூக நீதிமன்றம் 1968 இல் தீர்ப்பளித்தது. ஆகவே உடலிலிருந்து மதுவை அகற்றும் சிகிச்சையின் (என்ட்கிஃப்டுங்) செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்கும். பழக்கத்திலிருந்து மீட்கும் நீண்ட சிகிச்சையின் செலவைப் பெரும்பாலும் ஓய்வூதியக் காப்புறுதி ஏற்கும். வால்டோர்ஃபில் வாழும் நமக்கு, பக்கத்து ஊரான வீஸ்லொக்கின் மனநல மருத்துவ நிலையத்திலேயே இதற்கான பிரிவு உண்டு. “வீஸ்லொக்குக்குப் போனார்” என்றால் சனம் என்ன சொல்லும் என்ற பயம் பலருக்கு. சலரோகத்துக்கு மருந்து எடுக்க நாம் வெட்கப்படுகிறோமா?

வெளியே தெரிந்துவிடுமா?

தமிழ் வைத்தியரிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவது வைத்தியருக்குக் குற்றவியல் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். வேலை கொடுப்பவருக்குச் செல்லும் சுகவீனப் பத்திரத்தில் நோயின் பெயர் இருக்காது.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்து வராதீர்கள். தகப்பனின் குடியைப் பத்து வயது மகள் வைத்தியருக்கு விளங்கப்படுத்தும் நிலையை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சுமை பிள்ளைக்கு வேண்டாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழைத்து வாருங்கள்.

அவர் வர மறுக்கிறாரா? மனைவியோ பெற்றோரோ தனியாகவே போதைப்பழக்க ஆலோசனை நிலையத்துக்கு (சுஹ்ட்பெராட்டுங்) போகலாம். ஆலோசனை இலவசம்; இரகசியமும் காக்கப்படும். சத்தியம் வாங்குவதற்கு முன் வைத்தியரிடம் நேரம் வாங்குவோம்.