ரேடியல் எஞ்சினுக்குப் பிளக் வாங்கும் முன்

பிராட் அண்ட் விட்னி ஆர்-985 எஞ்சினுக்கு ஒன்பது சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினெட்டு ஸ்பார்க் பிளக். பதினெட்டையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு போன உரிமையாளர், சில வாரங்களில் "மேக்னெட்டோ செக்கில் மறுபடியும் சுழற்சி விழுகிறது" என்று திரும்பி வருவது ரேடியல் பட்டறைகளில் வழக்கமான கதை. புது பிளக்கில் பெரும்பாலும் குறை இருக்காது. எண்ணெய், எரிபொருள், வயர், மேக்னெட்டோ, தரையில் எஞ்சினை ஓட்டுகிறவரின் கை, இவற்றில் ஏதோ ஒன்று செய்த தப்புக்குப் பிளக் பழி சுமந்திருக்கும். இந்தத் தொழிலுக்குள் புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டிய வரிசை இது: கழற்றிய பிளக்கைப் படியுங்கள், புதியதை அப்புறம் வாங்குங்கள்.

ஆர்-985-ஐயே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 450 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சின்தான் 1947இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் கனடா பீவர் விமானத்தை இழுக்கிறது. பீவர்கள் 1,600க்கு மேல் தயாராயின. அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மிதவை கட்டிய பீவர்கள் இன்றைக்கும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு ஏரி ஏரியாக இறங்குகின்றன. அருங்காட்சியகத்தில் தூசி தட்டுகிற வேலையோடு இது நின்றுவிடவில்லை. மாதச் சம்பளம் தருகிற எஞ்சின் இது.

கழற்றிய பிளக்குகளை ஒரு மேசையில் குவித்துவிட்டால் பாதித் தகவல் போய்விடும். எண்ணிட்ட துளைகள் உள்ள தட்டில், எந்தச் சிலிண்டர், முன்பக்கமா பின்பக்கமா என்று வரிசையாகச் செருகுங்கள். பிராட் அண்ட் விட்னியின் இந்த வகையில் வலது மேக்னெட்டோ முன்பக்கப் பிளக்குகளுக்கும் இடது மேக்னெட்டோ பின்பக்கப் பிளக்குகளுக்கும் பொறி தருகிறது. தட்டில் வரிசை சரியாக இருந்தால் நோய் தானாகவே தெரியும். பதினெட்டும் ஒரே மாதிரி உலர்ந்த கரிப்பூச்சோடு இருந்தால் கார்புரேட்டர் கலவை கொழுத்திருக்கிறது. முன்வரிசை ஒன்பது மட்டும் மோசமென்றால் வலது மேக்னெட்டோவையோ அதன் வயர் தொகுப்பான ஹார்னஸையோ பாருங்கள். ஒரே சிலிண்டரின் இரண்டு பிளக்கும் ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வ் கைடு, இன்டேக் பைப் கசிவு என்று தேடுங்கள். ஒற்றைப் பிளக் மட்டும் கெட்டிருந்தால்தான் அந்தப் பிளக்கையும் அதற்குப் போகிற வயரையும் சந்தேகப்பட வேண்டும். கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் அது ரேடியலின் பிறவிக் குணம், அதற்கு வருகிறேன்.

இப்போது பிளக் எண்ணைப் படிப்போம். சாம்பியன் பெட்டியில் ஆர்-இ-எம்-38-இ என்று இருந்தால், முதல் எழுத்து உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்கிறது. இரண்டாவது எழுத்து, வயர் மாட்டுகிற மேல்குழலின் மரை: இ என்றால் 5/8 அங்குலம், எச் என்றால் 3/4 அங்குலம். மூன்றாவது எழுத்து சிலிண்டருக்குள் போகிற பகுதியைச் சொல்கிறது: எம் என்றால் 18 மில்லிமீட்டர் மரை, அரை அங்குல நீளம், பி என்றால் அதே மரை, 13/16 அங்குல நீளம். அடுத்து வரும் எண் வெப்ப வீச்சு. கடைசி எழுத்து மின்முனையின் வகை.

இவற்றில் மூன்று அளவுகளில் உங்களுக்குத் தேர்வே இல்லை. மரையும் நீளமும் சிலிண்டர் தலையில் ஏற்கெனவே தீர்மானமானவை. குட்டையான துளையில் நீளப் பிளக்கை இறக்கினால் நுனி எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியே தெரியும் மரையில் கரி கட்டி, பிறகு கழற்றும்போது சிலிண்டரின் மரையையும் பெயர்த்துக்கொண்டு வரும். மேல்குழலின் அளவை விமானத்தில் இருக்கும் ஹார்னஸின் நட்டு தீர்மானிக்கிறது. ஆனால் ஹார்னஸையே மாற்றுகிற காலம் வந்தால் 3/4 அங்குலத்தைக் கேளுங்கள். அதில் வயர் முனையில் ரப்பர் போன்ற சீல் உட்கார்ந்து ஈரத்தைத் தடுக்கும். உப்புத் தண்ணீர் தெறிக்கிற மிதவை விமானத்தில் இந்த ஒரு மாற்றமே பல காலை நேரத் தகராறுகளைத் தீர்த்துவிடும்.

நிஜமான தேர்வு வெப்ப வீச்சில் இருக்கிறது. இளம் மெக்கானிக்குகள் அதிகம் குழம்புவதும் இங்கேதான். சூடான பிளக் அதிக நெருப்பைத் தருகிறது என்று நினைக்கிறார்கள். பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் அதில் ஏறிய வெப்பம் சிலிண்டர் தலைக்கு இறங்க நேரமாகும். நுனி சூடாகவே இருக்கும். அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் இறங்கும். அது குளிர்ந்த பிளக். சாம்பியன் விமானப் பிளக்குகளில் 26 முதல் 50 வரை வழக்கமான வீச்சு; எண் ஏற ஏற பிளக் சூடானது. அளவுக்கு மீறிச் சூடான பிளக்கின் நுனி தணல்போல் நின்று, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. அளவுக்கு மீறிக் குளிர்ந்த பிளக்கில் கரியும் ஈயமும் எரிந்து போகாமல் படிந்துவிடும்.

ஈயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்-985-இன் அழுத்த விகிதம் 6:1தான். 80/87 ரகப் பெட்ரோலில் ஓடுவதற்காகப் பிறந்த எஞ்சின். அந்தப் பெட்ரோலில் லிட்டருக்கு அதிகபட்சம் 0.14 கிராம் ஈயம். இன்று பம்பில் கிடைக்கும் 100எல்எல் பெட்ரோலில் அந்த வரம்பு 0.56 கிராம். பெயரில் 'குறைந்த ஈயம்' என்று இருந்தாலும் இந்த எஞ்சினுக்கு அது நான்கு மடங்கு ஈயம். ஈயத்தை ஆவியாக்கி வெளியேற்றுவதற்காகவே எத்திலீன் டைபுரோமைடு என்ற பொருளைப் பெட்ரோலில் கலக்கிறார்கள். ஆனால் பிளக் மூக்கு சுமார் 480 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கொழுத்த கலவையில், தாழ்ந்த சுழற்சியில், ஓடுபாதை ஓரம் நெடுநேரம் முனகிக்கொண்டு நிற்கிற எஞ்சினில் அந்த வெப்பம் வராது. பீங்கானுக்கும் உலோகக் கூட்டுக்கும் நடுவே சாம்பல் நிறக் குருணைகள் சேரும். மின்சாரம் பொறியாகத் தாவாமல் அவற்றின் வழியே இறங்கிவிடும்.

அப்படியானால் ஒரு படி சூடான பிளக் போடலாமா? கையேடும் பிளக் தயாரிப்பாளரின் அட்டவணையும் அந்த எஞ்சினுக்கு அனுமதித்த எண்களுக்குள் என்றால் போடலாம். சரக்கேற்றி முழுச் சக்தியில் கிளம்புகிற விமானத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காற்று வாங்கப் போகிற விமானத்துக்கும் ஒரே எண் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் ஓட்டுநரோடு பேசுங்கள். தரையில் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கலவையைக் கொஞ்சம் மெலியவிட்டாலே பல எஞ்சின்களில் ஈயப் படிவு குறைகிறது. செலவே இல்லாத வைத்தியம் என்பதால் யாரும் நம்புவதில்லை.

இனி எண்ணெய். ரேடியல் நிற்கும்போது எண்ணெய் கீழ்நோக்கி வடிந்து கீழ்ச் சிலிண்டர்களின் ரிங்குகளைத் தாண்டித் தலைக்குள் தேங்கும். பிளக் நனைவது சின்னத் தொல்லை. தேங்கிய எண்ணெய் மேல் பிஸ்டன் வந்து மோதினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அதன் விளைவு உடனே தெரியாமல், பல மணி நேரம் கழித்து வானத்தில் தெரியலாம். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால், எஞ்சின் சுழலும் திசையிலேயே சுற்றிப் பாருங்கள். முட்டி நின்றால் பலம் காட்டாதீர்கள், பின்னோக்கியும் தள்ளாதீர்கள். பின்னோக்கித் தள்ளினால் எண்ணெய் இன்டேக் பைப்பில் ஏறி ஒளிந்துகொண்டு, எஞ்சின் கிளம்பியதும் திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடியவிடுவதுதான் வழி.

ப்ரொப்பெல்லரைத் தொடும் முன் இன்னொன்று. மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. சுவிட்சிலிருந்து வரும் பி-லீட் என்ற கம்பி அதைத் தரையிணைத்தால்தான் அது அடங்கும். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டினாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் மேக்னெட்டோ செக்கில் சுழற்சி கொஞ்சம் இறங்குவது இயல்பு. கையேடு அதற்கு வரம்பு சொல்லும். துளியும் இறங்கவில்லை என்றால் மகிழ்ச்சியடையாமல் பி-லீடைச் சோதியுங்கள்.

மின்முனையில் தடித்த நிக்கல் வகை, மெல்லிய பிளாட்டினம் அல்லது இரிடியம் கம்பி வகை என்று இரண்டு உண்டு. மெல்லியது பல மடங்கு விலை. ஆனால் நுனி திறந்திருப்பதால் ஈயமும் எண்ணெயும் எளிதில் அடைக்காது, தேய்வதும் மெதுவாக. ஆண்டுக்குச் சில மணி நேரம் பறக்கிற விமானத்துக்கு அந்தப் பணம் வீண் என்பது என் கட்சி. தினமும் பறக்கிற பீவருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரெசிஸ்டர் உள்ள பிளக்கில் வயதாக ஆகத் தடை ஏறும். மீட்டரை வைத்துப் பாருங்கள். 5,000 ஓமைத் தாண்டினால் மாற்றுங்கள் என்று டெம்பெஸ்ட் நிறுவனம் சொல்கிறது. நல்ல பழக்கம், இரண்டு நிமிட வேலை.

மேக்னெட்டோவின் பெயர்ப்பலகையும் ஒரு குறியீடுதான். டிஎஃப்18ஆர்என் என்றால் இரட்டை வகை, ஃபிளேஞ்சில் பொருத்துவது, 18 சிலிண்டருக்கு, வலச்சுழற்சி, பெண்டிக்ஸ் தயாரிப்பு. முதல் எழுத்து எஸ் என்றால் ஒற்றை. இரண்டாவது பி என்றால் அடித்தளத்தில் பொருத்துவது. பழைய சாமான் விற்கிறவரிடம் மேக்னெட்டோ வாங்கும்போது சுழற்சித் திசை எழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள் உண்டு. சில பெரிய ரேடியல்களில் மேக்னெட்டோவின் காமும் தனி வகை. ஒரே தாய்த் தண்டில் மற்ற தண்டுகள் தொங்குவதால் பிஸ்டன்கள் மேலே வந்து சேரும் கோணம் சிலிண்டருக்குச் சிலிண்டர் சற்று மாறும். அதற்கு ஈடுகட்ட ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி முகடு வெட்டிய காம் வைத்தார்கள். அதை வேறு எஞ்சினுக்கு மாற்றிப் போட முடியாது.

பிளக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். மேக்னெட்டோவின் பொறி நேர், எதிர் என்று மாறி மாறி வரும். 14 சிலிண்டர் ஆர்-1830-இல் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் ஒரு குறிப்பிட்ட பிளக்குக்கு எப்போதும் ஒரே துருவப் பொறிதான் கிடைக்கும். ஒரு பிளக்கில் நடு முனை தேயும், இன்னொன்றில் ஓர முனை தேயும். அங்கே இடம் மாற்றுவது அவசியம். ஒன்பது சிலிண்டரில் ஒவ்வொரு முறையும் துருவம் தானே மாறிவிடுகிறது. அந்தக் காரணம் அங்கே செல்லாது. ஆர்-985-இல் கீழே நனைகிற பிளக்கை மேலே அனுப்பி உலரவிடுவதற்காக மாற்றலாம், அவ்வளவுதான். இந்திய விமானப்படையின் பழம்பெரும் விமானப் பிரிவில் 2018இல் சேர்ந்த விபி 905 டகோட்டா, ஆர்-1830 இரண்டால் பறப்பது. அதற்கு 56 பிளக். ஆறு ஆர்-4360 எஞ்சின் சுமந்த பி-36 குண்டுவீச்சு விமானத்துக்கு 336. அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் முழங்கைகளை நினைத்துப் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாவிட்டால் எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டாம். சந்தேகப்படும் மேக்னெட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, சிலிண்டர்களின் வெப்பத்தை அகச்சிவப்பு மானியால் அளந்தால் குளிர்ந்து கிடப்பது உடனே சிக்கும். ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தாலும் பிளக்கைத் தொடும் முன் பூஸ்டர் காயிலைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது மேக்னெட்டோவால் தனியாக வலுவான பொறி தர முடியாது.

மாட்டுவதில் சில விதிகள். கீழே விழுந்த பிளக் குப்பைக்கு. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும். ஒவ்வொரு முறையும் புதுச் செப்பு வாஷர். மரைக்குப் பூசும் கிராஃபைட் கலவை நுனி மரையில் படக் கூடாது. இடைவெளியைக் கையேடு சொல்லும் அளவுக்கு வையுங்கள், பொதுவாக 0.016 முதல் 0.021 அங்குலம், ஓர முனையை உள்ளே தள்ளலாம், அதிகம் தள்ளிவிட்டால் வெளியே இழுக்கக் கூடாது. 18 மில்லிமீட்டர் பிளக்குக்கு டார்க் 30 முதல் 35 அடி-பவுண்டு. வயர் முனையை வெறும் விரலால் தொடாதீர்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷன், கார் பிளக் பற்றியெல்லாம் உரிமையாளர்கள் கேட்பார்கள். யாக்-52 விமானத்தின் எம்-14பி எஞ்சினில் கார் பிளக் போடுவதற்கான மாற்று ஹார்னஸ்கள் விற்பனையில் உண்டு. எக்ஸ்பெரிமென்டல் சான்றிதழில் பறக்கிறவர்கள் பலர் அதைப் போட்டிருக்கிறார்கள். முறையான வகைச் சான்றிதழ் பெற்ற பீவரில் அதைச் செய்ய அங்கீகரித்த மாற்று ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். போகப் போவது உங்கள் லைசென்ஸ். அமெரிக்க விதிப்படி பிளக்கைச் சுத்தம் செய்வதும் இடைவெளி வைப்பதும் விமானி-உரிமையாளரே செய்யத்தக்க பராமரிப்பு. ஆகவே உங்களுக்கு முன்னால் யார் கை பட்டது என்று பதிவேட்டில் பாருங்கள். இந்தியாவில் படிக்கிறவர்கள் இந்த வேலைக்குக் குறிவைத்தால் டிஜிசிஏ லைசென்ஸில் பி1.2, அதாவது பிஸ்டன் விமானப் பிரிவு. அமெரிக்காவில் ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின்) மெக்கானிக் தேர்வு எழுத, பயிற்சிப் பள்ளி வழியாகப் போகாவிட்டால் 30 மாத அனுபவம் காட்ட வேண்டும்.

இப்போது சேர்கிறவர்கள் ஒரு மாற்றத்தையும் பார்ப்பார்கள். ஜி100யுஎல் என்ற ஈயமில்லாப் பெட்ரோலுக்கு 2022இல் அமெரிக்க விமான நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2030 முடிவுக்குள் ஈயப் பெட்ரோலை ஒழிப்பது அங்கே இலக்கு. ஈயம் போனால், ஈயத்துக்குப் பயந்து சூடான பிளக் போட வேண்டிய காரணமும் போகும். நீங்கள் பார்க்கும் எஞ்சின் புதுப் பெட்ரோலுக்கு மாறுகிற வாரத்துக்கு முன்பே பிளக் தட்டைப் படம் எடுத்து, ஓடிய மணி நேரத்தோடு பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது ஒப்பிட்டுப் பார்த்துத் தயாரிப்பாளரிடம் கேள்வி கேட்க அந்தப் படம் தேவைப்படும்.