படம் பொய் சொல்கிறதா? இலையுதிர் காலப் பூங்காவில் ஓர் ஒளிப் பாடம்

நம் நாட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ஆனால் காடே மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறும் காட்சியை நாம் காண்பதில்லை. அதனால்தான் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம்மில் பலர் தென்கொரியா, ஜப்பான் என்று புறப்பட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணவனும் மனைவியும் அப்படித் தென்கொரியாவுக்குப் போய் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைநகர் சியோலுக்குத் தெற்கே யோங்கின் நகரில் எவர்லேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில் அவர்களுக்கு ஒரே ஒரு நாள்தான். வழியெல்லாம் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார்கள். வீடு திரும்பிப் பார்த்தால், ஆசையாக எடுத்த நான்கு படங்கள் ஏமாற்றிவிட்டன.

முதல் படத்தில், பொன்னாக மின்னிய மரம் வெளிறிக் கிடக்கிறது. இரண்டாம் படத்தில், மனைவியின் முகம் கறுத்துப்போய்விட்டது. மூன்றாம் படத்தில், கணவன் அமர்ந்திருந்த ரோலர் கோஸ்டர் வெறும் கோடாகத் தெரிகிறது. நான்காம் படத்தில், இரவுக் காட்சிமீது மணலைத் தூவியதுபோல் புள்ளிகள்.

கேமராவின்மீது பழி போடுவது எளிது. ஆனால், கேமரா பொய் சொல்லவில்லை. அது ஓர் அளவுகருவி. எந்த நிற ஒளி, எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரத்தில் உள்ளே வந்தது என்பதை மட்டுமே அது அளக்கிறது. நம் கண்ணும் மூளையும் வேறு விதமாக வேலை செய்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் நான்கு படங்களையும் காப்பாற்றியிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படம் 1: வெளிறிய மஞ்சள் மரம்

கொரியாவின் தெருக்களிலும் பூங்காக்களிலும் கிங்கோ மரங்களும் மேப்பிள் மரங்களும் பரவலாக உள்ளன. இலையுதிர் காலத்தில் கிங்கோ மஞ்சளாகும், மேப்பிள் சிவக்கும்.

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம். அது சிவப்பு, நீல ஒளியை ஈர்த்துக்கொண்டு பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பகற்பொழுது குறுகி, குளிர் கூடும்போது மரம் பச்சையத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் இழுத்துச் சேமித்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும், இலையில் முன்பே இருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. அதாவது, கிங்கோ இலை புதிதாக மஞ்சளாகவில்லை; மறைந்திருந்த மஞ்சள் இப்போது தெரிகிறது.

மேப்பிளின் கதை வேறு. அதன் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி இலையுதிர் காலத்தில்தான் பெருமளவில் உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும்.

இதைப் பார்க்க விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாலையோரத்தில் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தைக் கவனியுங்கள். உதிரும் முன் அதன் பெரிய இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறும். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டால், வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதைப் பற்றிச் சொல்வார்கள்.

சரி, படம் ஏன் வெளிறியது? கேமராவின் உணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின்மீதும் பச்சை, சிவப்பு, நீலம் ஆகியவற்றில் ஒரு நிற வடிகட்டி இருக்கும். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் உருவாக்கிய இந்த அமைப்புக்கு, எவர்லேண்ட் திறக்கப்பட்ட அதே 1976ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இதுவோ இதைச் சார்ந்த அமைப்போதான் இருக்கிறது.

மூன்று நிற அளவுகளும் கிடைத்த பிறகு, கேமராவுக்கு ஓர் ஐயம் எழுகிறது: பொருள் மஞ்சளா, அல்லது அதன்மீது விழும் ஒளி மஞ்சளா? ஒரு காட்சியிலுள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் ஏறத்தாழ சாம்பல் நிறம் வரும் என்று எடுத்துக்கொள்வது, கேமரா பயன்படுத்தும் எளிய வழிகளில் ஒன்று. படம் முழுவதும் கிங்கோ இலைகளே இருந்தால் இந்தக் கணக்குத் தவறிவிடும். ஒளிதான் மஞ்சள் என்று முடிவு செய்து, கேமரா நீலத்தைக் கூட்டுகிறது, பொன்னிறம் வெளிறுகிறது.

இதற்குத் தீர்வு எளிது. ‘வெண்மைச் சமநிலை’ அமைப்பில் சூரிய ஒளியைத் தேர்ந்தெடுங்கள். அல்லது சாம்பல் நிறப் பாதை, வெள்ளைச் சட்டை போன்ற ஒன்று படத்தில் வரும்படி நில்லுங்கள்.

படம் 2: கறுத்துப்போன முகம்

கோலாலம்பூரில் நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். யோங்கினில் அப்படியில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், அக்டோபர் 25 வாக்கில் சூரியன் தென் அட்சரேகை 12 பாகைக்கு நேர் மேலே இருக்கிறது. ஓர் இடத்தில் உச்சிப்பொழுதில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

சூரியனின் உயரம் = 90 − (அந்த இடத்துக்கும் சூரியன் நேர் மேலே நிற்கும் இடத்துக்கும் உள்ள அட்சரேகை வேறுபாடு)

கோலாலம்பூர் வட அட்சரேகை 3 பாகையில் உள்ளது. வேறுபாடு 3 + 12 = 15. சூரியனின் உயரம் 75 பாகை.

யோங்கின் வட அட்சரேகை 37 பாகையில் உள்ளது. வேறுபாடு 37 + 12 = 49. சூரியனின் உயரம் 41 பாகை.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் நிழல், அன்று உச்சிப்பொழுதில் கோலாலம்பூரில் 43 சென்டிமீட்டர். யோங்கினில் ஏறத்தாழ 184 சென்டிமீட்டர். ஆளைவிட நிழல் நீளம்!

சூரியன் தாழ்ந்திருப்பதால் ஒளி பக்கவாட்டில் வருகிறது. இலைகளுக்குப் பின்னாலிருந்து அது ஊடுருவும்போது அவை விளக்குபோல் ஒளிர்கின்றன. அந்த அழகுக்காகத்தான் கணவன், மனைவியைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தினார். ஆனால், கேமரா படம் முழுவதுக்குமான சராசரி ஒளியைப் பார்த்து அளவைக் குறைத்தது. வானமும் இலைகளும் சரியாக வந்தன. நிழலில் இருந்த முகம் இருண்டுவிட்டது. நம் கண் அப்படியில்லை. ஒளியான இடத்தையும் இருண்ட இடத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளை அவற்றை ஒரே காட்சியாகச் சேர்த்துவிடுகிறது.

இத்தகைய நேரத்தில் திரையில் முகத்தைத் தொட்டால், கேமரா முகத்துக்கு ஏற்றபடி ஒளியை அளக்கும். அல்லது இருவரும் இடம் மாறி, ஒளி முகத்தின் பக்கவாட்டில் விழும்படி நிற்கலாம்.

படம் 3: கோடாக மாறிய ரோலர் கோஸ்டர்

எவர்லேண்டின் ‘டி எக்ஸ்பிரஸ்’ 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரச்சட்ட ரோலர் கோஸ்டர். உயரம் 56 மீட்டர், தடத்தின் நீளம் 1,641 மீட்டர், முதல் சரிவு 46 மீட்டர். அச்சரிவு 77 பாகை வரை செங்குத்தாக இறங்குகிறது. உச்ச வேகம் மணிக்கு 104 கிலோமீட்டர்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? உயரத்தில் சேமித்த நிலையாற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்வே இல்லையென்றால்:

வேகத்தின் வர்க்கம் = 2 × ஈர்ப்பு முடுக்கம் × சரிவின் உயரம் = 2 × 9.8 × 46 = ஏறத்தாழ 902

வேகம் வினாடிக்கு 30 மீட்டர். அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். உண்மையான வேகம் 104. உச்சியிலிருந்த சிறு வேகத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 7 விழுக்காட்டு ஆற்றல் உராய்வாலும் காற்றுத் தடையாலும் வெப்பமாகவும் ஒலியாகவும் போய்விட்டது.

மணிக்கு 104 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 29 மீட்டர். மேகம் மூடிய மாலையில் கேமரா, ஒளி போதவில்லை என்று 1/60 வினாடி நேரம் ஒளியைச் சேகரித்தது. அதற்குள் வண்டி 29 ÷ 60 = 0.48 மீட்டர், அதாவது அரை மீட்டர் நகர்ந்துவிட்டது. கணவனின் முகம் அரை மீட்டர் நீளத்துக்கு இழுபட்டுப் பதிவானது. 1/1000 வினாடியாக இருந்திருந்தால் வண்டி 3 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்ந்திருக்கும்.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. நேரம் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகக் குறைந்தால் ஒளியும் அதே அளவு குறையும். அதை ஈடுகட்ட ‘ஐ.எஸ்.ஓ.’ எண்ணை 100இலிருந்து 1600க்கு உயர்த்த வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. வண்டியைத் தொடர்ந்து கேமராவையும் அதே வேகத்தில் திருப்பினால், வண்டி தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும். கேமராவைப் பொறுத்தவரை இப்போது வண்டி நிற்கிறது, உலகம்தான் ஓடுகிறது. இதுவே சார்பு இயக்கம்.

ஒன்றை மறக்க வேண்டாம். வண்டியில் அமர்ந்துகொண்டு படம் எடுக்கவே கூடாது. 56 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் 200 கிராம் கைத்தொலைபேசி, காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மணிக்கு ஏறத்தாழ 119 கிலோமீட்டர் வேகத்தில் தரையை எட்டும். கீழே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. படம் எடுப்பவர் தரையில்தான் இருக்க வேண்டும்.

படம் 4: மணல் தூவிய இரவு

ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. மழைத்துளிகள் போலத்தான். அருகருகே இரண்டு வாளிகளை வைத்தாலும் இரண்டிலும் சரியாக ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழுவதில்லை. இந்த ஏற்ற இறக்கம், சராசரி எண்ணிக்கையின் வர்க்க மூலத்துக்குச் சமம்.

பகலில் ஓர் ஒளிக்கட்டத்தில் 10,000 ஃபோட்டான்கள் பதிவானால், ஏற்ற இறக்கம் 100. அது 1 விழுக்காடுதான், கண்ணுக்குத் தெரியாது.

இரவில் 100 ஃபோட்டான்களே பதிவானால், ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு. புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் புதிதாக ஒளி வருவதில்லை. வந்த சிறிதளவு ஒளியைப் பெருக்கும்போது புள்ளிகளும் சேர்ந்தே பெருகுகின்றன. அதனால் கைத்தொலைபேசியின் இரவு முறை, அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. 9 படங்களைச் சேர்த்தால் புள்ளிகளின் பாதிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதற்குத்தான் ‘அசையாமல் பிடிக்கவும்’ என்று திரை கேட்கிறது. கையைச் சுவரிலோ தூணிலோ ஊன்றிக்கொண்டு, படத்தில் இருப்பவரும் அசையாமல் நின்றால், தெளிவான படம் கிடைக்கும்.

செய்து பாருங்கள்: படத்திலிருந்து வேகத்தை அளத்தல்

மங்கலான படம் வீண் என்று நினைத்தோம். ஆனால், அந்த மங்கலுக்குள் வேகம் ஒளிந்திருக்கிறது.

1. வாகனம் வராத திடலில், நண்பரின் மிதிவண்டிச் சட்டத்தில் ஒரு சிறிய வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டுங்கள்.

2. கேமராவின் ‘புரோ’ முறையில் நேரத்தை 1/30 வினாடி என்று அமைத்து, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பர் உங்களுக்குக் குறுக்காக மிதித்துச் செல்லட்டும். படம் எடுங்கள்.

3. திரையில் சக்கரத்தின் உயரத்தை அளந்து பாருங்கள் (சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும், உயரம் மாறாது). உண்மையான விட்டம் 66 சென்டிமீட்டராகவும், திரையில் 33 மில்லிமீட்டராகவும் இருந்தால், திரையின் 1 மில்லிமீட்டர் என்பது உண்மையில் 2 சென்டிமீட்டர்.

4. ஒட்டுத்தாளின் கோடு எவ்வளவு நீளம் என்று அளந்து, தாளின் சொந்த அகலத்தைக் கழியுங்கள். மீதி 5 மில்லிமீட்டர் என்றால், வண்டி 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது.

5. 1/30 வினாடியில் 10 சென்டிமீட்டர் என்றால், வினாடிக்கு 3 மீட்டர், மணிக்கு 10.8 கிலோமீட்டர்.

‘புரோ’ முறை இல்லாத கைத்தொலைபேசியிலும் படத்தின் ‘விவரங்கள்’ பகுதியைத் திறந்தால் அது எத்தனை வினாடியில் எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மணிக்கு 104 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரோலர் கோஸ்டர், 1/250 வினாடியில் எவ்வளவு தூரம் நகரும்?

2. இரவு முறை 16 படங்களைச் சேர்த்தால் புள்ளிகளின் பாதிப்பு எவ்வளவு குறையும்?

3. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தென் அட்சரேகை 23 பாகைக்கு நேர் மேலே இருக்கும். அன்று யோங்கினில் உச்சிப்பொழுதில் சூரியனின் உயரம் என்ன?

4. நம்மை நோக்கி நேராக வரும் வண்டி, குறுக்கே ஓடும் வண்டியைவிடக் குறைவாக மங்குவது ஏன்?

விடைகள்: 1. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 2. நான்கில் ஒரு பங்காகும். 3. ஏறத்தாழ 30 பாகை. 4. நேராக வரும் வண்டியின் உருவம் உணரியில் இடம்பெயர்வது குறைவு. அது சற்றே பெரிதாக மட்டும் ஆகிறது.