இரண்டாம் பாகம் எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் இரண்டாம் பாகத்தின் கதைச் சுருக்கம் வந்து சேர்ந்தது. கூடவே, முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்து நீ அனுப்பிய கோப்பும் வந்தது. கதையைவிட அதுதான் தடிமனாக இருக்கிறது. பையன் இனிமேல் அழக் கூடாது என்கிறார் ஒருவர். அவன் அழுத இடம்தான் படமே என்கிறார் அடுத்தவர். உடையை மாற்று, உடையில் கை வைக்காதே, அந்தப் பெண்ணைச் சாகடித்தால்தான் கதை நிற்கும், அவளைத் தொட்டால் நடப்பதே வேறு. இத்தனை பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எப்படி அண்ணா எழுதுறது என்று கேட்டிருக்கிறாய்.

எழுத முடியாதுதான். அதற்காக அந்தக் கோப்பைக் குப்பையில் போடச் சொல்லும் மூத்தவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எந்த இடத்தில் தனக்கு ஒட்டவில்லை என்று ரசிகன் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். உன் நாயகனுக்கு வயது பதினாறு என்பதால் உனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பாகத்தைப் பதினாலு வயதில் பார்த்தவன், இரண்டாம் பாகம் வரும்போது மீசை அரும்பி வந்து உட்காருவான். தன்னோடு சேர்ந்து உன் பையனும் வளர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பான். அன்றைக்குப் பார்த்த பையன் அப்படியே இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பான். உன் கோப்பில் உள்ள சண்டை முக்கால்வாசி இதுதான். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே.

இந்தச் சண்டையை ரொம்ப காலமாகத் தாங்கி வருகிறவன் ஸ்பைடர்மேன். (லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் குழம்ப வேண்டாம். சிவகாசி வழியாக நமக்கு வந்த ஸ்பைடர் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரர், கூர்க்காது வைத்தவர், கொள்ளையடித்துவிட்டுத் திருந்தியவர். இவன் வேறு.) 1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பீட்டர் பார்க்கரை உருவாக்கியபோது அவன் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன். அமெரிக்க காமிக்ஸில் அந்த வயதுப் பையன்கள் அதுவரை பெரும்பாலும் பெரிய நாயகர்களுக்கு எடுபிடிகள். இவன் தனியாக நின்றான், அதோடு சறுக்கிக்கொண்டே இருந்தான். அந்தச் சறுக்கல்தான் அவனை விற்றது.

2019 ஜூலையில் வந்த 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தைத் திரும்பப் பார். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் செத்துப்போன துக்கத்தில் அந்தக் கதையின் உலகமே இருக்கிறது. பையனோ பள்ளிச் சுற்றுலாவில் ஐரோப்பா போய், ஈஃபிள் கோபுரத்தின் உச்சியில், தான் விரும்பும் எம்ஜேயிடம் மனசைத் திறக்கத் திட்டம் போடுகிறான். 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் ஸ்பைடர்மேன் படம் அது. அப்படியும் ரசிகர்களின் புகார் ஓயவில்லை.

அதிகம் திட்டு வாங்கியது ப்ராக் நகரத்து மதுக்கூடக் காட்சி. சூப்பர் ஹீரோவாக நடிக்கும் வில்லன் பெக்கோடு சேர்ந்து தீ அரக்கனை வீழ்த்தியதாக நம்பிக்கொண்டு, பீட்டர் அவரோடு அங்கே உட்கார்ந்திருக்கிறான். ஸ்டார்க் தனக்கென்று விட்டுப்போன கண்ணாடியை, ஆகாயத்தில் சுற்றும் ஆயுத டிரோன்களையே ஏவக்கூடிய கண்ணாடியை, பீட்டர் பெக்கிடம் கொடுக்கிறான். தன் வாயாலேயே உரிமையை மாற்றி ஒப்புதலும் தருகிறான். அவன் வெளியே போனதும் கடையின் சுவர்கள் கலைகின்றன. குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பெக்கின் கூட்டாளிகள். பழகி நாலு நாள் ஆகாத ஆளிடம் இவ்வளவு புத்திசாலிப் பையன் எப்படி இதைக் கொடுப்பான், எழுதியவர்களுக்கு மூளை இல்லையா என்று கேட்டார்கள்.

எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். ஏன் என்று தெரிய, அதற்கு முந்தைய பேருந்துக் காட்சியைப் பார். தன்னைத் தர்மசங்கடமான கோலத்தில் படம் பிடித்து வைத்திருக்கும் சக மாணவனின் கைபேசியிலிருந்து அந்தப் படத்தை அழிக்கப் பார்க்கிறான் பீட்டர். கண்ணாடி அதைத் தாக்குதல் உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. பேருந்து நிறைய மாணவர்கள், தலைக்கு மேலே டிரோன். திரையரங்கில் அதற்குச் சிரிக்கிறார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் இது நம் கையில் இருக்கக் கூடாத பொருள் என்கிற பயம் பையனுக்குள் விழுவது அங்கேதான். அப்பா இடத்தில் இருந்த ஆள் செத்துவிட்டார். உளவுக்காரர் நிக் ஃப்யூரி விரட்டுகிறார். பெக் ஒருவர்தான் உட்கார வைத்து, அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். பதினாறு வயதில் கனமான பொருளை ஒரு பெரியவர் கையில் கொடுத்துவிட்டு ஓடத்தான் தோன்றும். நாற்பது வயது நாயகன் செய்தால் முட்டாள்தனம், இவன் செய்தால் நியாயம். அந்தப் புகாரை எழுத்தாளர்கள் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை என்பது என் தீர்ப்பு. பேருந்துக் காட்சியின் பயத்தை நகைச்சுவை மூடிவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு புகார் உண்டு. இவன் ஸ்பைடர்மேனா, குட்டி அயர்ன்மேனா? இது கனமான புகார். முதல் படமான 'ஹோம்கமிங்'கில் வில்லன் டூம்ஸின் ஒப்பந்தம் பறிபோனதற்குக் காரணம் ஸ்டார்க்கும் அரசாங்கமும் சேர்ந்து அமைத்த துறை. இரண்டாவது படத்தில் பெக்கும் அவர் ஆட்களும் ஸ்டார்க்கிடம் வேலை பார்த்து மனம் கசந்தவர்கள். இரண்டு வில்லன்களும் வேறொருவரின் எதிரிகள், பையன் அந்தப் பகையை வாரிசாக வாங்கிக்கொண்டவன். விமானத்தில் ஸ்டார்க்கின் கருவியை வைத்துப் புது உடை தயாரிக்கிறான். பின்னணியில் ஏசி/டிசி பாட்டு ஓடுகிறது. தனக்கு லெட் செப்பலின் ரொம்பப் பிடிக்கும் என்கிறான் பையன். பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டார்க்கின் பழைய உதவியாளர் ஹேப்பியின் முகத்தில் அவர் நினைவு. அழகான இடம்தான். அதே இடத்தில்தான் ரசிகனுக்கு உறுத்தியது. பீட்டரை வளர்த்த பென் மாமா இருந்த சுவடே இல்லாமல், ஒரு கோடீஸ்வரரின் நிழலில் பையன் நிற்கிறானே என்று.

இதற்குப் பதில் 2021-ல், 'நோ வே ஹோம்' படத்தில் வந்தது. இயக்கியவர் அதே ஜான் வாட்ஸ், எழுதியவர்கள் அதே கிறிஸ் மெக்கென்னாவும் எரிக் சாமர்ஸும். படத்தின் முடிவில் அவனை வளர்த்த மே அத்தை உயிரோடு இல்லை, பீட்டர் பார்க்கர் என்று ஒருவன் இருந்ததே உலகத்தில் யாருக்கும் ஞாபகமில்லை, ஸ்டார்க்கின் கருவிகளும் இல்லை. ஒரு சின்ன வாடகை அறை, கையால் தைத்த துணி உடை. ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களில் யாரும் அத்தையைக் கொல்லச் சொல்லவில்லை. எம்ஜே அவனை மறக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. புகாரை ஏற்றுக்கொண்டு, அதற்கான விலையை எழுத்தாளர்களே முடிவு செய்தார்கள். உன் கோப்பிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் இப்படி எடுத்துக்கொள். கேட்டதைக் கொடு, அதற்குப் பையன் என்ன இழக்க வேண்டும் என்பதை நீ எழுது.

விலை இல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்பைடர்மேன் கதையிலேயே சாட்சி உண்டு. 1973-ல் காமிக்ஸில் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேஸி செத்துப்போனாள். அதை எழுதிய ஜெர்ரி கான்வேக்கு அப்போது வயது இருபதுதான், ஏறக்குறைய உன் வயது. பாலத்திலிருந்து விழுகிறவளைப் பீட்டரின் வலை பிடித்து நிறுத்துகிறது. அவள் கழுத்தருகே ஒரு சின்ன முறிவுச் சத்தம் எழுத்தில் விழுகிறது. கொன்றது வில்லனா, காப்பாற்றப்போன வலையா? வாசகர்கள் கொதித்தார்கள். சில இதழ்கள் கழித்து வாசகர் கடிதப் பகுதியிலேயே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது, வலை இழுத்த வேகத்தில்தான் கழுத்து முறிந்தது என்று. க்வென் திரும்பி வர வேண்டும் என்ற நெருக்கடி ஸ்டான் லீ வழியாகக் கான்வேயிடம் வந்தது. அவர் க்வெனின் நகல் ஒருத்தியை, குளோனை, 1975-ல் கொண்டுவந்தார். பீட்டருக்கும் ஒரு நகல் வந்தான். அந்த முடிச்சை 1994-ல் மறுபடி அவிழ்த்து, விற்கிறதே என்று 1996 வரை இழுத்தார்கள். எந்த பீட்டர் அசல் என்று வாசகனே சலித்துப்போனான். க்வெனின் சாவு மட்டும் இன்றுவரை பேசப்படுகிறது.

2014-ல் 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2' அதே சாவைத் திரையில் வைத்தது. மணிக்கூண்டுக்குள் க்வென் விழ, விரிந்த கை போல வலை அவளைத் துரத்திக்கொண்டு போகும் காட்சி நினைவிருக்கும். படத்தில் வில்லன்கள் அதிகம், அடுத்தடுத்த படங்களுக்கு விளம்பரம் அதிகம் என்று ரசிகர்கள் அன்றைக்குக் கழுவி ஊற்றினார்கள். அந்த வரிசையே அதோடு நின்றது. ஏழு வருடம் கழித்து 'நோ வே ஹோம்' படத்தில் அந்த வரிசையில் ஸ்பைடர்மேனாக நடித்த அதே ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், கீழே விழும் எம்ஜேயைப் பாய்ந்து பிடித்துவிட்டு, கண் கலங்கி நிற்பார். அரங்கம் அழுதது. அவரை வைத்து மூன்றாம் படம் எடுங்கள் என்று அதன்பிறகு கோரிக்கை கிளம்பியது. ஆக, முதல் வாரத்துக் கருத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதே. திட்டியவர்களும் பொய் சொல்லவில்லை, அழுதவர்களும் பொய் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு நடத்தலாமா என்று வேறு கேட்டிருக்கிறாய். வேண்டாம். 1988-ல் டிசி காமிக்ஸ் நடத்தியது. பேட்மேனின் துணையாளான இரண்டாவது ராபின், ஜேசன் டாட், வாழ்வதா சாவதா என்று தொலைபேசியில் வாசகர்களைக் கேட்டார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்பு, வாழட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு அழைப்பில் ஒரு சிறுவன் செத்தான். பிற்பாடு இன்னொரு எழுத்தாளர் அவனை உயிரோடு கொண்டுவந்தார். வாக்கெடுப்புக்கு அவ்வளவுதான் ஆயுள்.

கைதட்டல் விஷயம் ஒன்று. 'நோ வே ஹோம்' படத்தில் பழைய ஸ்பைடர்மேன்கள் இருவரும் நுழையும்போது, கூட்டம் கத்தி அடங்கட்டும் என்று காட்சி காத்திருப்பது போலவே இருக்கும். நம் ஊருக்கு இது புதிதா? ரஜினி அறிமுகமான உடனே முக்கியமான வசனத்தை வைக்கக் கூடாது, விசிலில் முங்கிவிடும் என்பது இங்கே உதவி இயக்குநருக்கே தெரிந்த கணக்கு. 'நோ வே ஹோம்' இந்தியாவில் அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தது. தமிழில் பேசிய பீட்டருக்கும் இங்கே விசில் பறந்தது. ஆனால் அந்த விசிலுக்குப் பின்னால், பழைய ஸ்பைடர்மேன்களில் ஒருவரான டோபி மகுவாயர் 2002-லிருந்து சேர்த்துவைத்த நினைவு இருக்கிறது. உன் பையனுக்கு இருப்பது ஒரே ஒரு படம். விசிலுக்கென்று இடம் விட்டால் வெறும் மௌனம்தான் மிஞ்சும்.

ரசிகர்களோடு நேருக்கு நேர் வாதாடிய இரண்டாம் பாகம் ஒன்று வேண்டுமானால் 2023-ல் வந்த 'அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்' பார். ஒவ்வொரு ஸ்பைடர்மேன் வாழ்க்கையிலும் அவனுக்கு நெருக்கமான ஒரு காவல் அதிகாரி சாக வேண்டும், அது விதி, மாற்றினால் உலகமே குலையும் என்கிறான் மிகுவேல் என்ற இன்னொரு ஸ்பைடர்மேன். மும்பாட்டன் நகரத்தில் இன்ஸ்பெக்டர் சிங்கைப் படத்தின் நாயகன் மைல்ஸ் மொராலஸ் காப்பாற்றிவிடுகிறான், விதி உடைகிறது. அடுத்துச் சாக வேண்டியவர் மைல்ஸின் அப்பா. முடியாது என்கிறான் பையன். மிகுவேலின் குரலில் எனக்குக் கேட்டது, மூலக் கதையில் இப்படித்தான் இருந்தது, மாற்றாதே என்று அடம்பிடிக்கும் தீவிர ரசிகனின் குரல். மைல்ஸே 2011-ல் காமிக்ஸில் வந்தபோது, இவன் எப்படி ஸ்பைடர்மேன் ஆகலாம் என்ற எதிர்ப்பைச் சந்தித்தவன். அந்தப் படத்திலும் ஒரு நியாயமான புகார் உண்டு. தலைப்பில் முதலில் இருந்த 'முதல் பகுதி' என்ற சொல்லை வெளியீட்டுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். 140 நிமிடம் உட்கார்ந்தவர்களில் பலருக்குக் கதை பாதியில் நிற்கும் என்று தெரியாது. 2024 மார்ச்சில் வர வேண்டிய அடுத்த படம் 2027-க்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்துவதாக இருந்தால் சுவரொட்டியிலேயே சொல்லிவிடு.

இனி உன் சுருக்கம். முற்பகுதியில் உன் பையன் ஒரு தப்பு செய்கிறான். நண்பனின் ரகசியத்தை வாய்தவறிச் சொல்லிவிடுகிறான், அதனால் நண்பனின் வீடு போகிறது. நன்றாக இருந்தது. கடைசியில் வந்து பார்த்தால் அது தப்பே இல்லை, வில்லன் போட்ட நாடகம் என்று மாற்றியிருக்கிறாய். கோப்பிலிருந்த யாருக்கோ பயந்து செய்த வேலை இது. அவன் செய்தது தப்பாகவே இருக்கட்டும். நண்பன் மன்னிக்காமலும் போகட்டும். திட்டுவார்கள், வாங்கிக்கொள். அப்புறம், நண்பனின் அம்மா ஒரே காட்சியில் வந்துவிட்டுக் காணாமல் போகிறார். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு அவர் இந்தப் பையனிடம் என்ன சொல்வார் என்று யோசித்து எழுது. எனக்கு அந்தக் காட்சி வேண்டும்.

இடைவேளை வரை முடித்ததும் அனுப்பு. அதுவரை அந்தக் கோப்பைத் திறக்காதே.

அன்புடன்,
அண்ணன்