கெட்ட ரத்தம் எங்கே இருக்கிறது?

“ரத்தம் கொடுத்தா கெட்ட ரத்தம் போய் புது ரத்தம் ஊறும்.” ரத்த தான முகாம் எங்கே நடந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. படித்தவர்கள் சொல்கிறார்கள். சில இடங்களில் ஒலிபெருக்கியிலேயே அறிவிக்கிறார்கள். பையில் இறங்குவதைக் காட்டி, “பாருங்க டாக்டர், எவ்வளவு கறுப்பா இருக்கு, எல்லாம் கழிவு” என்று நிம்மதியடைகிறவர்களும் உண்டு. ரத்த வங்கியில் வேலை செய்கிற எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. கழிவு என்று நீங்கள் நம்புவதை, பிரசவத்தில் ரத்தம் போய் உயிருக்குப் போராடும் ஒருத்திக்கு ஏற்றச் சொல்கிறீர்களா?

ஊசி குத்துவது சிரையில். உடம்புக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் அதில் ஓடுவதால் கருஞ்சிவப்பாக இருக்கிறது. நுரையீரலுக்குப் போனதும் அதே ரத்தம் பளிச்சென்று சிவந்துவிடும். தோலைக் கீறிக் கிண்ணம் வைத்து ரத்தம் உறிஞ்சும் ஹிஜாமா சிகிச்சையில், கிண்ணத்தில் கட்டியாகத் திரள்வதும் உறைந்த ரத்தமே, வேறொன்றுமில்லை. கழிவை நீக்கச் சிறுநீரகம் இருக்கிறது; நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை அது வடிகட்டுகிறது. சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் சிதைத்து, அவற்றின் இரும்பை மீட்டுக்கொள்கின்றன. நாங்கள் 350 மில்லி எடுத்தால், பைக்குள் போன ரத்தத்தில் யூரியா எவ்வளவோ, உடம்பில் மிஞ்சியதிலும் அதே அளவுதான். கெட்டது மட்டும் தனியாகப் பிரிந்து பைக்கு வர வழியே இல்லை.

இந்த நினைப்பை ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தவர்கள் பழைய கிரேக்கர்கள். ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் சமமாக இருந்தால் ஆரோக்கியம், ஒன்று மிஞ்சினால் நோய் என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று சொல்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த காலன் அதை மேலும் இறுக்கினார். உணவிலிருந்து கல்லீரலில் ரத்தம் ஊறுகிறது, உறுப்புகளுக்குப் போய்ச் செலவாகிவிடுகிறது, திரும்பி வருவதில்லை என்பது அவர் கணக்கு. அப்படியானால் மிஞ்சியது தேங்கிக் கெடும், அதை எடுத்துவிட வேண்டும். 1628-இல் வில்லியம் ஹார்வி, ரத்தம் சுற்றி வருகிறது என்று நிரூபித்தார். அதன் பிறகும் மருத்துவர்கள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

நான்கு நீர்மங்கள் உண்டென்று முதலில் ஏன் நம்பினார்கள்? 1921-இல் ஸ்வீடன் மருத்துவர் ராபின் ஃபாரேயுஸ் ஒரு விளக்கம் சொன்னார். எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் அசையாமல் வையுங்கள். அடியில் கறுத்த கட்டி, அதன்மேல் சிவப்பு, அதற்கும் மேல் மெல்லிய வெள்ளைப் படலம், உச்சியில் மஞ்சள் நீர். நான்கு நீர்மங்களும் கண்முன்னே! எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் அன்றாடம் பார்க்கும் காட்சி இது. காய்ச்சல்காரரின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் படிவதால் வெளிர்நிறப் படலம் தடிக்கும். அதைப் பார்த்து நோய்நீர் மிஞ்சிவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கரும்பித்தம் என்று ஒரு நீர்மம் மனித உடம்பில் கிடையவே கிடையாது.

விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை அடைத்துப் படுத்தார். ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கும் மேல் ரத்தம் எடுத்தார்கள், அன்றிரவே இறந்தார். தொண்டை நோயே கொன்றிருக்கலாம், ஆனால் அந்த நிலையில் அவ்வளவு ரத்தத்தை இழந்தவர் எப்படித் தாங்குவார்? பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நிமோனியா நோயாளிகளை எண்ணிப் பார்த்தார். நோயின் முதல் நான்கு நாளுக்குள் ரத்தம் எடுக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் எடுக்கப்பட்ட 36 பேரில் 9 பேர். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1835. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

இதுபோன்ற மற்ற நம்பிக்கைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தம் தலைக்கு ஏறாது. கல்லீரலில் சுரந்து, பித்தப்பையில் தங்கி, கொழுப்பைச் செரிக்கக் குடலுக்குப் போவதோடு அதன் வேலை முடிந்தது. கிறுகிறுப்பு வந்தால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காராமல் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். சளி மூளையிலிருந்து இறங்குவதில்லை. மூக்கின் உட்சவ்வில் சுரக்கிறது என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ஷ்னைடர் காட்டிவிட்டார். கிரேக்கரின் நான்கும் நம்முடைய வாதம், பித்தம், கபமும் ஒன்றே என்பதும் தவறு; வாதத்துக்கு அந்த நான்கில் இடமில்லை, ரத்தத்துக்கு இந்த மூன்றில் இடமில்லை. ரத்தம் எடுப்பதே சிகிச்சையாகும் நோய்கள் உண்மையில் உண்டு. உடம்பில் இரும்பு அளவு மீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ், சிவப்பணுக்கள் மிகையாகப் பெருகும் பாலிசைத்தீமியா போன்றவை அவை. அங்கும் பரிசோதித்து, அளந்துதான் எடுக்கிறோம்.

ரத்தம் கொடுங்கள். அடுத்தவருக்காகக் கொடுங்கள். உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர் மஞ்சள் காமாலை வந்ததை மறைக்கிறார். எங்கள் பரிசோதனைகளைத் தாண்டி ஒரு கிருமி போனாலும் அனுபவிப்பது படுக்கையில் இருப்பவர். ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்று திருப்பி அனுப்பினால் சண்டைக்கு வராதீர்கள். ஒரு பை ரத்தத்தோடு 150 மில்லிகிராம் இரும்பாவது போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்வது ஓரிரு மில்லிகிராம்தான்.

முகாமில் நாங்கள் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பெண்களை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, “உடம்புக்குச் சூடு, பித்தம் கூடிடும்” என்று சொல்லி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நிறுத்தாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். காபி, டீயோடு மட்டும் விழுங்காதீர்கள். இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுத்துப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருந்தால் அவளுக்கும் இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள்.