இன்சுலின் போடுவோரும் மிதிவண்டிப் பயணமும்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியே திருவையாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காவிரியை ஒட்டிய இத்தகைய பயணத்தை, மருத்துவரின் ஒப்புதலுடன், இன்சுலின் போடுவோரும் ஒரு பகலில் நிதானமாக மேற்கொள்ளலாம்.

மிதிக்கும் தசைகள் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஈர்க்கின்றன. தொடையில் போட்ட இன்சுலினும் அப்போது வேகமாக உட்கிரகிக்கப்படும். ஆதலால் அன்று வயிற்றில் போடுவது நன்று. அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். புறப்படுமுன் சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின், சிறிது உண்ட பின்னரே கிளம்புங்கள்.

வழியில் நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே இறங்கி, 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். 70-க்குக் கீழேயே இருப்பின் மீண்டும் உட்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் உதவி எளிதில் கிட்டாது. இவ்வறிகுறிகளை அறிந்த துணை ஒருவர் உடன் வருதல் அவசியம். அன்றிரவும் சர்க்கரை தாழக்கூடும். உறங்குமுன் பரிசோதிக்கத் தவறாதீர்கள்.