களத்திலும் பாவடியிலும் எறும்புக் கட்டுப்பாடு

எறும்பைப் போல் உழைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் போதிக்கிறோம். வாசலில் அரிசிமாக் கோலமிட்டு அதற்கு உணவும் வைக்கிறோம். ஆனால் அதே எறும்பு களத்தில் காயும் எள்ளையும் கேழ்வரகையும் வரிசை வரிசையாக இழுத்துச் செல்லும்போதும், பாவடியில் கஞ்சி தோய்த்து விரித்த பாவின்மேல் ஏறும்போதும், தொழுவத்தில் கன்றைக் கடிக்கும்போதும் நமது பொறுமை பறந்துவிடுகிறது. கையில் கிடைத்த மருந்துப்பொடியை அள்ளித் தூவிவிடுகிறோம். சில நாட்களில் எறும்பு திரும்பி வருகிறது. தூவிய விஷமோ மண்ணிலும் கிணற்றடியிலும் கோழி கிளறும் இடத்திலும் தங்கிவிடுகிறது.

பணமும் போய், எறும்பும் போகாத இந்த நிலை ஏன் ஏற்படுகிறது? செலவு குறைந்ததும் பிறர்க்குத் தீங்கு விளையாததுமான வழி யாது? இவ்விரு கேள்விகளையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

எறும்புக் குடும்பத்தின் அமைப்பு

வெளியில் நாம் காணும் எறும்புகள் யாவும் வேலைக்கார எறும்புகள். இவை ஒரு குடும்பத்தின் சிறு பகுதியே. இராணி எறும்பும், முட்டைகளும், புழுக்களும், கூட்டுப்புழுக்களும், அவற்றைப் பேணும் தாதிகளும் நிலத்தினுள் இருக்கின்றன. இராணி பல ஆண்டுகள் வாழக்கூடியது. வாழும் காலமெல்லாம் முட்டையிட்டுக்கொண்டே இருப்பது. ஆகவே தரையில் ஊரும் ஆயிரம் எறும்புகளைக் கொன்றாலும், இராணி பிழைத்திருக்கும்வரை அந்த இழப்பு விரைவில் ஈடு செய்யப்பட்டுவிடும்.

இரண்டாவதாக ஓர் உண்மையையும் நாம் அறிய வேண்டும். வளர்ந்த எறும்பு திடப் பொருளை விழுங்க இயலாது. நீர்ம உணவையே அது உட்கொள்ளும். திடமான உணவைக் கூட்டிலுள்ள புழுக்களுக்கு ஊட்டுகிறது. ஓர் எறும்பு தன் வயிற்றில் சேமித்து வந்த நீர்ம உணவை வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. இவ்வாறு கைமாறிக் கைமாறி அவ்வுணவு இராணியையும் அடைகிறது. எறும்பின் பலம் இந்தப் பங்கீட்டு முறையில்தான் இருக்கிறது. நமது கட்டுப்பாட்டு முறையும் இதையே துணைக்கொள்ள வேண்டும்.

எறும்பினம் அறிதல்

எல்லா எறும்புக்கும் ஒரே மருந்து என்று எண்ணுதல் தவறு. களத்திலும் தோட்டத்திலும் பொதுவாகக் காணப்படுபவை இவை:

1. பிள்ளையார் எறும்பு: சிறியது, கறுப்பு நிறமுடையது, ஓரிடத்தில் நில்லாது விரைந்தோடும். கடிப்பதில்லை. இதனால் பெருந்தீங்கு இல்லை.

2. கட்டெறும்பு: பெரியது, கறுப்பானது. மரத்தடியிலும் மரத்திலும் திரியும். தூண்டினால் கடிக்கும். அசுவுணி சுரக்கும் இனிய நீரை விரும்புவது.

3. கடியெறும்பு: சிவந்த சிற்றெறும்பு. வரப்பிலும் களத்து ஓரத்திலும் பொடிமண் குவித்துக் கூடமைக்கும். கொட்டினால் நெருப்புப் பட்டது போல் எரியும், கொப்புளமும் எழும். விதையும் எண்ணெய்ப் பண்டமும் இதற்குப் பிரியமானவை. நாற்றங்காலில் விதை குறைவதற்கு இது பெரும்பாலும் காரணமாகும்.

4. தானியம் சேர்க்கும் எறும்பு: கூட்டின் வாயைச் சுற்றி உமியும் பதருமாக வட்டமிட்டுக் கிடப்பதே இதன் அடையாளம்.

5. முசுறு: செந்நிறமான மர எறும்பு. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும்.

கரையானை ‘வெள்ளை எறும்பு’ என்று அழைப்பாரும் உண்டு. கரையான் எறும்பே அன்று. அது கரப்பான் பூச்சிக்கு உறவானது. எறும்புக்கு இடை மெலிந்திருக்கும், உணர்கொம்பு முழங்கை போல் மடிந்திருக்கும். கரையானுக்கு இடையும் மெலிந்திராது, கொம்பும் மடிந்திராது. எறும்பு கரையானுக்குப் பரம விரோதி. தறிக்குழியில் மரச்சட்டத்தைக் கரையான் அரிப்பதைக் கண்டு வருந்தும் நெசவாளர், எறும்பினம் முழுவதையும் அழித்தல் தமக்கே நஷ்டம் என்பதை உணர வேண்டும்.

விஷத் தூவல் கற்பித்த பாடம்

தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் வழியாக அமெரிக்க ஐக்கிய நாட்டின் மொபைல் துறைமுகத்தை அடைந்த ஒருவகை நெருப்பெறும்பு, அந்நாட்டின் தென்பகுதியில் பரவியது. அதை அடியோடு ஒழித்துவிடலாம் என்று கருதிய அந்நாட்டு விவசாயத் துறை, 1957-ஆம் ஆண்டில் பெரும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. டைல்டிரின், ஹெப்டாக்ளோர் என்னும் கடும் விஷங்கள் ஆகாய விமானங்கள் மூலம் பல இலட்சம் ஏக்கரில் தூவப்பட்டன. காடைகளும் பிற பறவைகளும் கால்நடைகளும் மடிந்தன. 1962-இல் ராச்சேல் கார்சன் என்ற அம்மையார் எழுதிய ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் இச்சம்பவம் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. நெருப்பெறும்போ ஒழியவில்லை. அதனுடன் போட்டியிட்டு வந்த உள்நாட்டு எறும்புகளும் விஷத்தால் மடிந்தமையால், காலியான நிலத்தில் அது மீண்டும் குடியேறியது. இன்றும் அந்நாட்டின் தென் மாநிலங்களில் அது இருந்து வருகிறது.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் எறும்புப் புற்றுக்கு பி.எச்.சி., ஆல்டிரின் முதலிய பொடிகள் தாராளமாகச் சிபாரிசு செய்யப்பட்டன. ஆல்டிரின் 1996-லும், பி.எச்.சி. 1997-லும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. மண்ணில் நெடுங்காலம் சிதையாமல் தங்குவதும், பாலிலும் கொழுப்பிலும் சேர்வதுமே இவற்றின் குற்றம். பழைய கொட்டகையில் எங்கேனும் இவை மீந்திருந்தால் அவற்றைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, விவசாய அதிகாரியிடம் தெரிவிப்பதே முறை. கடையில் விற்கும் எறும்புச் சாக்கட்டியும் விஷமே. குழந்தைகள் எழுதுகோல் என்று எண்ணி எடுத்துவிடுவர்.

முதற்படி: உணவை நிறுத்துதல்

எறும்பு வருவது உணவுக்காக. உணவு கிட்டாத இடத்தில் அது பெருகாது. தானியம் உலர்த்திய பின் களத்தைப் பெருக்கிச் சிதறிய மணிகளை அன்றே அகற்றுக. விதைகளைத் தரையில் குவிக்காமல் இறுக மூடிய கலங்களில் வைக்க. தீவனத் தொட்டியைச் சுற்றிச் சிந்திய தவிட்டையும் பிண்ணாக்கையும் கழுவி விடுக. களத்தில் தோன்றிய வெடிப்புகளை மண்ணும் சாணமும் கொண்டு மெழுகி அடைக்க.

இவற்றைக் காட்டிலும் பெரிய உணவுக் களஞ்சியம் ஒன்று நம் தோட்டத்து மரஞ்செடிகளில் இருக்கிறது. மாவுப்பூச்சி, அசுவுணி, செதில்பூச்சி ஆகியவை செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பான நீரைக் கழிக்கின்றன. எறும்பு இந்நீரைக் குடிக்கிறது. அதற்குக் கைம்மாறாகப் பூச்சிகளைப் பகைவரிடமிருந்து காக்கிறது. நாம் பசுவை வளர்ப்பது போன்றதே இது. 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலியவற்றைப் பெரிதும் தாக்கிற்று. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் கொணரப்பட்ட பின்னரே அது அடங்கியது. இத்தகைய குளவிகள் மாவுப்பூச்சியை நெருங்கவொட்டாமல் தடுப்பதில் எறும்பே முன்நிற்பது.

ஆகவே மரத்தில் எறும்பு ஏறுவதைத் தடுக்க வேண்டும். அடிமரத்தில் சாக்குத் துணியை ஓர் சாண் அகலத்தில் இறுகக் கட்டி, அதன்மேல் கிரீசைப் பூசுக. பட்டையின்மீது நேராகப் பூசலாகாது, பட்டை கெடும். தரையைத் தொடும் கிளைகளையும், சுவரில் உராயும் கிளைகளையும் வெட்டாவிட்டால் எறும்பு அவ்வழியே ஏறிவிடும். தூசி படிந்த கிரீசைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இந்துமாக்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்திய எறும்பு எனப்படும் இனம் பெருகிச் செந்நண்டுகளை இலட்சக்கணக்கில் கொன்றது. விஷ இரை தூவியும் தொல்லை தீரவில்லை. எறும்புக்கு இனிய நீர் வழங்கும் செதில்பூச்சியை ஒடுக்கும் பொருட்டு, 2016-இல் மலேசியாவிலிருந்து சிறு குளவி ஒன்று அங்கே விடப்பட்டது. எறும்பின் உணவை அறுப்பதே அதன் நோக்கம். இதே எறும்பினம் 2022-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவார ஊர்களிலும் பெருகி, ஆடுமாடுகளின் கண்களைத் தாக்குவதாக ஊரார் முறையிட்டனர். இவ்வெறும்பு கொட்டுவதில்லை, அமிலத்தைப் பீய்ச்சுகிறது. கண்ணில் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவுதல் வேண்டும்.

இரண்டாம் படி: இரை வைத்தல்

முதலில் எறும்பின் விருப்பத்தைச் சோதிக்க. ஒரு காகிதத்தில் சர்க்கரைப் பாகும், மற்றொன்றில் எண்ணெயில் வறுத்த நிலக்கடலைத் தூளும் சிறிது வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதில் மிகுதியாக மொய்க்கின்றது என்பது விளங்கும். சர்க்கரையை நாடும் எறும்புக்குப் பின்வரும் இரை மிகவும் ஏற்றது.

வெந்நீர் 1 லிட்டர், சர்க்கரை 100 கிராம், போரிக் அமிலம் 10 கிராம். மூன்றையும் நன்கு கரைத்து ஆறவிடுக. மூடியுள்ள சிறு டப்பாவின் அடிப்பக்கத்தில் தீக்குச்சி நுழையும் அளவுக்குத் துளைகளிட்டு, உள்ளே இக்கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, எறும்புச் சாரியின் அருகே நிழலில் வைக்க. டப்பா கவிழாதிருக்க மேலே கல்லை வைக்கலாம்.

‘விஷம் அதிகமானால் விரைவில் சாகுமே’ என்று அளவைக் கூட்டலாகாது. இரை உண்ட எறும்பு உடனே செத்தால் கூட்டுக்கு எதையும் கொண்டு செல்லாது. மெல்லக் கொல்லும் இரையே இராணியை எட்டும். முதல் இரண்டொரு நாட்களில் எறும்பு முன்னிலும் மிகுதியாக மொய்க்கும். அதைக் கண்டு கலைத்துவிடாதீர்கள். இரை கூட்டுக்குச் செல்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. டப்பாவின் அருகே வேறு மருந்து தெளிக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கரைசலைப் புதுப்பித்து, இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வைக்க வேண்டும். மழைக்கு முன்னும் நண்பகல் வெயிலிலும் வைப்பதில் பயனில்லை.

எச்சரிக்கை: போரிக் அமிலம் மனிதர்க்கும் விஷம். கரைசலைப் பார்த்தால் சர்க்கரைத் தண்ணீர் போலவே இருக்கும். கலத்தின்மேல் ‘விஷம்’ என்று எழுதிப் பூட்டி வைக்க. குழந்தைகளும் கோழியும் கன்றுகாலிகளும் அணுகாத இடத்திலேயே டப்பாவை வைக்க. மீந்ததைச் செடியடியில் ஊற்றலாகாது. மிகையான போரான் பயிரைக் கருக்கும்.

மூன்றாம் படி: கூட்டில் வெந்நீர்

சர்க்கரையை அவ்வளவாக நாடாத கடியெறும்பின் கூடு களத்து ஓரத்தில் தென்பட்டால், கொதிக்கும் நீர் 10 முதல் 12 லிட்டர் வரை மெதுவாகக் கூட்டின் நடுவில் ஊற்றலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையே தக்க நேரம். அப்பொழுது எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் மேல்மட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கும். ஒருமுறை ஊற்றினால் எல்லாக் கூடுகளும் அழியும் என்று கூற இயலாது. சில நாள் கழித்து மீண்டும் பார்த்து ஊற்ற வேண்டும். செடி வேருக்கு அருகில் இம்முறை ஆகாது. ஊற்றுவோர் காலுக்குக் காப்பு அணிந்து, பிள்ளைகளை விலக்கி நிறுத்துக. கடியெறும்பு கொட்டியபின் எவருக்கேனும் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

பாவடியில் கவனிக்க வேண்டியவை

எறும்பு நூலைத் தின்பதில்லை. கஞ்சிப் பசைக்காகவே வருகிறது. ஆகவே பாவு விரிக்கும் முன்பே இடத்தைப் பெருக்கிச் சாரிகளைக் கண்டறிக. பாவைத் தாங்கும் கால்களை நீர் நிரம்பிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கஞ்சி சிந்திய இடத்தை அன்றே மண் தூவிச் சுரண்டி எடுக்க. சாம்பலோ மஞ்சட்பொடியோ கோடிட்டால் சிறிது நேரம் தடையாகும். ஈரம்பட்டால் பயன் போய்விடும். பாவின் அருகே பூச்சிமருந்து தெளித்தல் ஒருபோதும் கூடாது. அந்த நூலைக் கையால் தொட்டு, இழை அறுந்தால் நாவில் நனைத்து முடிபவர் நம் வீட்டாரே அல்லவா?

விட்டுவைக்க வேண்டியவை

பூச்சிகளின் முட்டைகளையும் கரையானையும் ஈசலையும் தின்று நமக்கு உதவும் எறும்புகள் பல. முசுறு எறும்பைப் பழச்செடிகளில் குடியேற்றிப் பூச்சிகளை ஒழிக்கும் வழக்கம் சீனாவின் தென்பகுதியில் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்துள்ளது. இவ்வெறும்பு நெசவாளருக்கும் ஒருவகையில் உறவே. சில எறும்புகள் இலைகளின் ஓரங்களை இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி, நாடாவைப் போல் இங்கும் அங்கும் ஓட்டுகின்றன. புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இலைகளைப் பிணைக்கிறது. பறிப்பவரைக் கடிக்கும் என்பதும், சில மரங்களில் மாவுப்பூச்சியைப் பேணும் என்பதும் இதன் குறைகள். ஆட்கள் நடமாடும் களத்தருகே இதை அகற்றலாம். ஒதுக்குப்புற மாந்தோப்பில் விட்டுவைக்கலாம்.

கூடிச் செய்யும் காரியம்

எறும்புக்கு வேலியும் இல்லை, பட்டாவும் இல்லை. ஒருவர் தம் களத்தில் ஒழித்தால், அடுத்தவர் களத்திலிருந்து ஒரு மாதத்தில் வந்து சேரும். ஆகவே ஒரே தெருவில், ஒரே களத்துமேட்டில் உள்ள அங்கத்தினர் யாவரும் ஒரே வாரத்தில் இரை வைத்தால்தான் பலன் நிலைக்கும். போரிக் அமிலத்தை மொத்தமாக வாங்கிச் சரியாக நிறுத்துப் பொட்டலமிட்டு வழங்குதல், கூடுகள் இருக்கும் இடத்தை வரைபடமாகக் குறித்தல், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பார்வையிடுதல் ஆகிய மூன்றையும் சங்கமே ஏற்று நடத்தலாம். நீர்ம உணவைக் கைமாற்றி ஒரு கூட்டத்தையே வாழ வைக்கும் சிற்றுயிரை, தனித்தனியே நின்று நாம் வெல்ல இயலாது.

சங்கக் கூட்டத்தில் விவாதிப்பதற்கான வினாக்கள்

1. வெளியில் தென்படும் எறும்புகளைக் கொல்வதால் மட்டும் ஏன் பயன் விளைவதில்லை?

2. இரையில் விஷத்தின் அளவைக் கூட்டினால் நேரும் கெடுதல் யாது?

3. உங்கள் களத்திலும் பாவடியிலும் எவ்வகை எறும்புகள் உள்ளன? அவற்றுள் எவற்றை விட்டுவைக்கலாம்?

4. உங்கள் தோட்டத்து மரங்களில் மாவுப்பூச்சியும் எறும்பும் சேர்ந்து காணப்படுகின்றனவா? முதலில் எதைத் தடுப்பீர்கள்?

5. உங்கள் தெருவில் அனைவரும் ஒரே வாரத்தில் இரை வைப்பதற்குத் தடையாக இருப்பவை எவை? அவற்றை எவ்வாறு நீக்கலாம்?