பலர் சேர்ந்து போடும் பணம்

கேள்வி: தெரிந்த பையன் ஒருவன் புதுக் கருவி தயாரிக்க இணையத்தில் கூட்டு நிதி திரட்டுகிறான். நானும் பணம் போடலாமா?
- வாசகர், தெமியாங், நெகிரி செம்பிலான்

பதில்: கூட்டு நிதி தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் இன்றும் நிற்கிறது. 1982-இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸின் கதை வேறு. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களுக்கு, 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென்தான் விலை வந்தது.

இணையத் திட்டங்களும் இப்படித்தான்: சில நிற்கும், சில மூழ்கும். பிரிட்டனின் ‘ஸானோ’ குட்டி டிரோனுக்காகச் சுமார் 12,000 பேர் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 2015-இல் நிறுவனம் மூழ்கியது. பெரும்பாலோருக்குப் பொருள் வரவில்லை.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கைமாறாகக் கிடைப்பது பொருளா, பங்கா? பொருள் என்றால், மாதிரிக் கருவி ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். பங்கு என்றால், பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தில் பதிந்த தளமா என்று சரிபாருங்கள். சாதாரண முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தில் 5,000 வெள்ளிக்கு மேல் போடக் கூடாது என்று ஆணையம் வரம்பு வைத்ததே இந்த ஆபத்துக்காகத்தான்.

போனால் போகட்டும் என்று விட முடிகிற தொகையை மட்டும் போடுங்கள். இ.பி.எஃப். சேமிப்பைத் தொடாதீர்கள்.